முகத்தில் அணியும் கருவியும் உச்சமுனைச் சுழியோடியும்

நாம் காணும் உலகின்மீது கணினி வரையும் படங்களையும் எழுத்துகளையும் பொருத்திக் காட்டும் கண்ணாடிகளையும் தலையணிகளையும் 'மிகை மெய்ம்மை'க் கருவிகள் என்கின்றனர். பெரு நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக இவற்றில் பெரும் பணத்தைக் கொட்டி வருகின்றன. கைத்தொலைபேசியின் இடத்தை இவை பிடித்துவிடும் என்று ஒரு சாராரும், வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருளாகவே முடியும் என்று மறு சாராரும் வாதிடுகின்றனர். நிறுவனங்களின் அறிவிப்புகளைச் செய்தியாக்கியே காலம் கழித்த எனக்கு, இத்தகைய கேள்விகளுக்கான விடையை வரலாற்றில் தேடுவதே வழக்கம்.

அந்தத் தேடலை உச்சமுனையிலிருந்து தொடங்கலாம். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் ஆழம் குறைந்த விரிகுடாவுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பு அது. மீன்பிடியே அங்குள்ளோரின் வாழ்வு. இதற்கு வடக்கே, சிலாவத்துறை, அரிப்புக் கரைகளில் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தது. சுழியோடிகள் கல்லின் பாரத்தால் அடியில் இறங்கி, வெறுங்கண்ணால் தடவித்தேடிச் சிப்பி அள்ளினர். நீருக்குள் கண்ணின் முன்தோல் ஒளியைக் குவிக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுவதால் எல்லாமே மங்கலாகத் தெரியும். இன்று இக்கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குவோர் முகத்தில் கண்ணாடி அணிகின்றனர். கண்ணுக்கும் நீருக்கும் இடையே ஒரு கை அளவு காற்றை அடைத்து வைப்பதுதான் அக்கண்ணாடியின் முழு வித்தை. கடலின் அடித்தளம் தெளிந்துவிடுகிறது, கைகள் இரண்டும் வேலைக்குக் கிடைக்கின்றன, கரையேறியதும் கழற்றிவிடலாம். முகத்தில் அணியும் கருவியொன்று சாதாரண மக்களிடம் வெற்றி பெற்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேடிக்கை காட்டுவதற்காக வந்த கருவிகளின் கதை வேறு. சார்ள்ஸ் வீற்ஸ்டன் 1838இல் இரட்டைப்படக் காட்டியை விளக்கினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியின் பின்னர் அது வீடுகளுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861இல் கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான வடிவமொன்றை அமைத்து, காப்புரிமை பெறாமலேயே விட்டுவிட்டார். அதன்பின் இலங்கைக் காட்சிகள்கூட அட்டைகளாக அச்சாகி மேலைநாட்டு வீடுகளை அடைந்தன. அது பல பத்தாண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. விலை குறைவு, தலையில் மாட்ட வேண்டியதில்லை, ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கலாம்.

தமிழர்கள் இக்கதையின் அடுத்த கட்டத்தைத் திரையரங்கில் கண்டனர். 1984இல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' முப்பரிமாணப் படமாக வந்து பெருவெற்றி கண்டது. 1985இல் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' தமிழில் வந்தது. படம் முடியும்வரை கண்ணாடி அணிய மக்கள் தயங்கவில்லை. ஆனால் அதே அனுபவத்தை வீட்டுக்குக் கொண்டுவர முயன்றபோது நிலைமை மாறிற்று. 2009இன் இறுதியில் வந்த 'அவதார்' படத்தின் வெற்றியை நம்பி, 2010 முதல் முப்பரிமாணத் தொலைக்காட்சிகள் சந்தையில் குவிந்தன. 2017இல் எல்ஜி, சோனி நிறுவனங்களும் அவற்றைக் கைவிட்டன. குடும்பத்தோடு பேசிக்கொண்டே பார்க்கும் பெட்டிக்கு முன்னால் தினமும் கண்ணாடி மாட்ட எவரும் விரும்பவில்லை. விழாவுக்கு உடுத்துவதை வீட்டில் யார் உடுத்துவர்?

மிகை மெய்ம்மையின் வரலாறும் இதையொட்டியே செல்கிறது. ஐவன் சதர்லாண்ட் 1968இல் உருவாக்கிய முதல் தலையணி கூரையிலிருந்து தொங்கியது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் டொம் கோடெல், விமானத் தொழிலாளருக்கு மின்கம்பி பொருத்தும் வழியைக் கண்முன் காட்ட முனைந்தபோதே இத்துறைக்குப் பெயர் கிடைத்தது. 2013இல் கூகுள் 1,500 டொலருக்கு விற்ற கண்ணாடி, எதிரே நிற்பவரைப் படம் பிடிக்கிறதோ என்ற அச்சத்தை ஏற்படுத்தியது. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தொழிற்சாலைகளுக்கெனத் திருத்தி வெளியிட்ட வடிவமும் 2023இல் முடிவுக்கு வந்தது. மைக்ரோசொப்ட்டின் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி 2024இல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் அப்பிள் வெளியிட்ட விஷன் புரோவின் விலை 3,499 டொலர். எடை 600 கிராமுக்கும் அதிகம்.

இதற்கு மாறாக, 2023இல் வந்த ரேபான் மெட்டா கண்ணாடி 2025இன் தொடக்கத்துக்குள் 20 இலட்சம் விற்றதாக அதன் தயாரிப்பாளர் அறிவித்தனர். பார்வைக்கு அது சாதாரண மூக்குக் கண்ணாடி. அதில் திரையே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். திரையுள்ள வடிவம் 2025 செப்டெம்பரில் 799 டொலருக்கு வந்தது. படம் பிடிக்கப்படுகிறோமோ என்ற பிறரது அச்சம் இன்னும் தீரவில்லை.

சாதாரண மக்கள் புதுமைக்கு எதிரிகள் அல்லர். கேரளத்தின் வடகரை மீனவரிடையே 1997க்கும் 2001க்கும் இடையில் கைத்தொலைபேசி பரவியதை ரொபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அக்காலத்தில் அது விலையுயர்ந்த பொருள். ஆயினும் மீனவர் வாங்கினர். கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் விலை கிடைக்கும் என்று கேட்டறிந்தனர். வாங்குவாரின்றி மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. உண்பவர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது.

ஆகவே, உச்சமுனை மீனவர் ஒருவர் தலையணி வாங்குவாரா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான உரைகல். அவர் காண விரும்பும் மறைபொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு. மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமான கடல் எல்லை 1976 உடன்படிக்கையால் வகுக்கப்பட்டது. நீரின்மேல் அக்கோட்டை எந்தக் கண்ணும் காணாது. அதைத் தாண்டியதாகக் கைதாகி, படகையும் இழந்து நிற்கும் மீனவர் இரு நாட்டிலும் உளர். அந்தக் கோட்டை அலைமேல் வரைந்து காட்டும் கண்ணாடி வீண் ஆடம்பரமாகாது.

ஆனால் நண்பகல் வெயிலில் கண்ணாடித் திரையின் படம் வெளிறிவிடும். உப்புநீர் நுண்கருவிகளை அரித்துவிடும். மின்கலம் சில மணிநேரத்தில் ஓய்ந்துவிடும். படகில் இருக்கும் சிறிய ஜிபிஎஸ் பெட்டியோ அதே எல்லையை மிகக் குறைந்த செலவில் இன்றே காட்டுகிறது. அந்தப் பெட்டியை வெல்லும் கண்ணாடி வரும் நாளில் அது விற்பனையாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுழியோடியின் கண்ணாடிக்கு எவரும் விளம்பரம் செய்து நான் கண்டதில்லை.