மலைக்காற்று யாருக்கு?

உழைப்பு எல்லார்க்கும் கடமை என்று ஓதுவோர் உலகில் மிகப் பலர். ஓய்வு எல்லார்க்கும் உரிமை என்று ஒப்புவோர் மிகச் சிலர். ஒரு நாட்டில் உழைப்பவர் எவர், இளைப்பாறுபவர் எவர் என்றறிய விரும்புவோர், அந்நாட்டு மலைவாசத்தலங்களின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தாற் போதும்.

ஆங்கிலேயர் வெப்ப நாடுகளை ஆளச் சென்றவிடமெல்லாம் தமக்கெனக் குளிர்ந்த மலையொன்றைத் தேடிக்கொண்டனர். தமிழகத்தில், 1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டினார். பின்னர்ச் சென்னை அரசாங்கமே கோடைதோறும் அம்மலையேறிற்று. மலாய் நாட்டிலும் அவ்வழக்கமே தொடர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரேசர் மலை 1922-இல் ஓய்வுத்தலமாயிற்று. ஈயம் தோண்டிய நிலம் அங்கே கோல்ப் திடலாக மாறியது.

அதனினும் பரந்தது பகாங்கிலுள்ள கேமரன் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நிலஅளவையாளர் அம்மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆயின் அவர் காலடி படுவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் மக்கள் அக்காடுகளில் வாழ்ந்து வந்தனர். வாழ்ந்தவர் பெயர் மறைய, வந்து பார்த்தவர் பெயர் நிலைப்பது வரலாற்றின் பழைய அநீதிகளுள் ஒன்றன்றோ?

1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்குச் சென்று வந்தபின், மலைநகர் அமைக்கும் வேலை தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் தொழிலதிபர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1930-களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மலைச்சாலை முடிந்தது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் விடுதிகளும் விளையாட்டுத் திடலும் தோன்றின. வெயிலில் வாடிய துரைமார் குடும்பத்தோடு சென்று, உலாவியும் பந்தாடியும் உடல்நலம் பெற்றனர்.

அதே ஆண்டுகளில் நம்மவர் நிலை யாது? 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் வட்டாரத் தோட்ட லயங்களிலும் எஞ்சியிருந்தோர்க்கு மலைக்காற்று கனவிலும் எட்டாப் பொருள். இந்நாட்டின் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்த கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. அப்பாதைகளில் இன்பப் பயணம் போகும் பேறு மட்டும் அக்கைகளுக்கு உரியோர்க்கு வாய்க்கவில்லை.

மலைப்பயணம் ஒருபுறம் இருக்க, தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிள் ஏறிச் செல்லும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை! துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால், இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சைக்கிளை விட்டிறங்கும் அவ்வழக்கம் ஒழிய வேண்டுமென்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. சம ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், வேலைநேரக் குறைப்பு, உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்திற்கு வந்துபோகும் உரிமை ஆகியவற்றையும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். விருந்தினரை வரவேற்பதும், வேலை முடிந்த மாலையில் சைக்கிளேறி உலாவுவதும் உயிர் கொடுத்துக் கேட்கப்பட்ட உரிமைகள் என்பதை நாம் மறத்தல் தகாது.

பின்னர் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையென எழுதி வைத்தது. இன்று பள்ளி விடுமுறைகளில் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கேமரன் மலைக்குச் சென்று, தேயிலைச் சரிவுகளையும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் பிரிஞ்சாங் மலையின் பாசிபடர்ந்த காட்டையும் கண்டு மகிழ்கின்றன. இது வீண் ஆடம்பரமன்று. முன்னோர் பட்ட கடனுக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த வட்டியாகும்.

எனினும் உரிமை பெற்றவர்க்குப் பொறுப்பும் உண்டு. காடழித்துப் பெருகிய விளைநிலங்களின் மண், மழையில் கரைந்து ஆற்றையும் அணையையும் தூர்க்கின்றது. 2013 அக்டோபரில் சுல்தான் அபூபக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து மூவர் மாண்டனர். மலையின் வளத்தை விற்போரும் அதன் அழகை நுகர்வோரும் மலையைக் காவாவிடின், அடிவாரத்து ஏழையே அதன் விலையைக் கொடுக்கின்றான்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இப்போது அத்தோட்டங்களில் வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் முதுகு வளைக்கின்றனர். நம் பாட்டனார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கின்றனர். மலையேறும் தமிழர், தேநீர்க் கோப்பையைக் கையிலேந்தும்போது, 'இவர்களுக்கு ஓய்வு நாள் உண்டா?' என்று ஒருமுறையேனும் கேட்பாராக. அக்கேள்வியைக் கேட்பதற்குக் கிள்ளான் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளைவிட உரிமையுடையார் வேறு யாவர்?