பழைய நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கப் போறீங்களா? டைல்ஸ் அப்புறம்... முதல்ல அடியில இருக்கிற மூடியைப் பாருங்க!

ஈ.சி.ஆர் பக்கம், கோவை பக்கம் எல்லாம் பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆசை ஆசையா கட்டின வீடுகள்ல ஒரு குட்டி நீச்சல் குளம் இருக்கும். புதுசுல தினமும் கும்மாளம். பசங்க படிப்பு, வேலைன்னு வெளியூர் போனதும் அது கொசு வளர்க்கிற தொட்டி. இப்போ அந்த வீட்டை வீக் எண்டுக்கு வாடகைக்கு விடலாம், இல்ல நாமளே ஃபிரெண்ட்ஸோட போய் ஆட்டம் போடலாம்னு ஐடியா வந்திருக்கா? உடனே மனசு நீல டைல்ஸ், கலர் எல்.இ.டி, ரீல்ஸ்னு ஓடும். கொஞ்சம் பொறுங்க பாஸ். செலவை ஆரம்பிக்க வேண்டிய இடம் வேற.

குளத்தோட ஆழமான பகுதியில, தரையில ஒரு சல்லடை மூடி இருக்கும். மெயின் டிரெயின். மோட்டார் தண்ணியை உறிஞ்சுறது அது வழியாத்தான். பழைய குளங்கள் பலதுலயும் இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், மூடியும் தட்டையா இருக்கும். அது மேல ஒரு குழந்தையோட முதுகோ வயிறோ படிஞ்சா, மோட்டாரோட மொத்த இழுவிசையும் அந்த உடம்பு மேல விழும். மூடி உடைஞ்சிருந்தா தலைமுடி, கை, கால் உள்ளே போய் மாட்டிக்கும்.

2002-ல அமெரிக்காவுல வர்ஜீனியா கிரேம் பேக்கர்ங்கிற 7 வயசு சிறுமி ஒரு ஸ்பா தொட்டியில இப்படித்தான் இறந்துபோனா. அந்த நாட்டோட முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரோட பேத்தி. நல்லா நீந்தத் தெரிஞ்ச குழந்தை. அம்மா இழுத்தும் முடியல. ரெண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்ததுல மூடியே உடைஞ்சுதான் வெளியே வந்தா. 2007-ல அவ பேர்லயே அங்கே சட்டம் வந்துச்சு.

அதனால, குவிஞ்சு மேல் எழும்பின பாதுகாப்பு மூடியா மாத்துங்க. வெயிலும் குளோரினும் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும்ங்கிறதால, தரமான மூடிகள்ல எத்தனை வருஷம் உழைக்கும்னு அச்சிட்டே இருப்பாங்க. புதுசா பைப் போடுறதா இருந்தா, குறைஞ்சது மூணு அடி இடைவெளியில ரெண்டு டிரெயின் வைக்கச் சொல்லுங்க. ஒண்ணு அடைபட்டாலும் இன்னொண்ணு வழியா தண்ணி போயிடும். தரை டிரெயினை நிரந்தரமா அடைச்சுட்டு, பக்கவாட்டு ஸ்கிம்மர் வழியா மட்டும் இழுக்கிற ஏற்பாடும் உண்டு. அதுக்கு விஷயம் தெரிஞ்ச ஆள் வேணும். தெருமுனை பிளம்பர்கிட்ட விடாதீங்க.

அடுத்தது கரன்ட். ஏணியைத் தொடும்போது லேசா சுர்ருன்னு இருக்கா? ‘ஈரத்துல அப்படித்தான்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. யாரையும் தண்ணிக்குள்ளே விடாம, மெயினை அணைச்சு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மோட்டாருக்கும் லைட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கணும், மாசம் ஒருமுறை அதோட டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கணும். தண்ணிக்குள்ள இருக்கிற பழைய 230 வோல்ட் லைட்டை 12 வோல்ட்டுக்கு மாத்திடுங்க. கலர் எல்.இ.டி ஆசையும் அப்படியே தீர்ந்துடும்!

இப்போ மோட்டார் ரூமுக்குப் போவோம். மோட்டாருக்கு அடியில ஈரமா இருந்தா மெக்கானிக்கல் சீல் போயிருக்கும். சின்னச் செலவுதான். தள்ளிப்போட்டா அந்தத் தண்ணி பேரிங்கைத் தின்னும், கிரீச்சுனு சத்தம் வரும், அப்புறம் மோட்டாரையே மாத்தணும். குளத்துக்குத் திரும்புற தண்ணியில குமிழ் குமிழா வந்தா, வடிகட்டிக் கூடையோட மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்க. இன்னொண்ணு, ஆசிட் கேனை இந்த ரூம்லயே வெச்சிருப்பாங்க. மோட்டார் துருப்பிடிக்கிறதுக்கு அந்தப் புகையே போதும். குளோரின் பக்கத்துல ஆசிட்டை வைக்கவே கூடாது. ரெண்டும் கலந்தா விஷவாயு.

மோட்டார் மாத்துற நிலைமை வந்தா, ‘பெருசா போட்டுடலாம் சார்’னு ஒரு குரல் கண்டிப்பா வரும். பழைய ஒன்றரை இன்ச் பைப்புல பெரிய மோட்டார் போட்டா கரன்ட் பில்லும் டிரெயினோட இழுவையும்தான் ஏறும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மோட்டாரைக் கேளுங்க. வேகத்தைப் பாதியாக்கினா மின்சாரத் தேவை எட்டுல ஒரு பங்காகும். ரெண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் யூனிட் கால்வாசிதான். காகிதக் கணக்கு இது, நிஜத்துல மிச்சம் கொஞ்சம் குறையும். ஆனாலும் 1.5 எச்.பி மோட்டாரை தினம் 8 மணி நேரம் ஓட்டினா சுமார் 9 யூனிட் போற வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

ஃபில்டர் மணலை அஞ்சு முதல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். ஆத்து மணல் கூடாது, ஃபில்டருக்குன்னு விக்கிற குவார்ட்ஸ் மணல்தான். சுத்தமா இருக்கும்போது பிரஷர் மீட்டர் முள் எங்கே நிக்குதோ அங்கே மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. அதுல இருந்து 8 - 10 பி.எஸ்.ஐ ஏறினா பேக்வாஷ். வால்வைத் திருப்புறதுக்கு முன்னாடி மோட்டாரை அணைக்கணும், இல்லைன்னா உள்ளே கேஸ்கெட் கிழியும். குளத்துல மணல் வந்து விழுதுன்னா ஃபில்டருக்குள்ள குழாய் உடைஞ்சிருக்கு.

ஸ்பா இருந்தா, போர் தண்ணி உப்புல ஹீட்டர் சீக்கிரம் போகும், சூட்டுல குளோரினும் சீக்கிரம் தீரும். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. தொட்டி சின்னது, டிரெயினும் உடம்பும் நெருக்கம். அதனால முதல்ல சொன்ன மூடி விஷயம் இங்கே இன்னும் முக்கியம்.

யாராவது டிரெயின்ல மாட்டிக்கிட்டா முதல்ல செய்ய வேண்டியது மோட்டாரை நிறுத்துறது. இழுவை நின்னாதான் உடம்பு விடுபடும். ஆனா நிறைய வீட்டுல மோட்டார் ரூம் பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் டீக்கடையில! குளத்துல இருந்து பார்த்தா தெரியிற, ஆனா தண்ணிக்குள்ள இருக்கிறவங்க கைக்கு எட்டாத தூரத்துல, ஈரம் படாத இடத்துல, சிவப்பு கலர்ல ஒரு எமர்ஜென்சி ஸ்விட்ச் வெச்சுடுங்க. வாடகைக்கு வர்றவங்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு சொல்றதுக்கு முன்னாடி அதைக் காட்டுங்க. நீங்களே வாடகைக்குப் போற இடத்துல அப்படி ஒண்ணு கண்ணுல படலைன்னா, ‘மோட்டார் ஸ்விட்ச் எங்கே அண்ணா?’ன்னு கேட்டுட்டு இறங்குங்க.