பற்கூச்சமும் பல்லின் வேரும்

நம்மவர்கள் முஸ்லிம் மருத்துவ வரலாறு பேசும்போது பல்லைப் பற்றிய பக்கத்தை அநேகமாகப் புரட்டுவதில்லை. குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு சுமார் 1013) தமது 'அத்தஸ்ரீப்' நூலின் 30ஆம் பகுதியில், பற்காரை சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்தே காட்டியிருக்கிறார். ஒரு தடவையில் போகாவிட்டால் அடுத்தடுத்த நாட்களிலும் சுரண்டச் சொல்கிறார்.

காரை போனால் முரசு தேறும். ஆனால், அது மூடியிருந்த வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. மேலுள்ள மெல்லிய சீமெந்துப் படை தேய்ந்தால், கீழேயுள்ள டென்டினின் நுண்குழாய்கள் வாய் திறந்துகொள்ளும். அவற்றுள் திரவம் அசைவதாலேயே பல் கூசுகிறது என்று 1900இல் கீசி கருதினார். 1960களில் சுவீடனின் பிரான்ஸ்ட்ரோம் அதற்குப் பரிசோதனைச் சான்று தந்தார்.

முன்பு வெள்ளி நைத்திரேற்றுப் பூசினார்கள். கூச்சம் குறைந்தது, பல்லோ கறுத்துப்போனது. இன்றைய புளோரைட்டு, ஒட்சலேற்றுப் பூச்சுகள் குழாய்வாயை அடைக்கின்றன. பொட்டாசியம் நைத்திரேற்றுப் பற்பசை நரம்பை அமர்த்துகிறது என்பார்கள். குழாய்வாய் அப்படியே திறந்துதான் கிடக்கும்.

அந்த அடைப்பும் மெல்லியதே. தேசிக்காய்ப் புளி அதைக் கரைக்கும், முரட்டுத் தேய்ப்பு அதைச் சுரண்டும். ஸுன்னா என்று ஆசையோடு மிஸ்வாக் எடுத்து, முரசு இறங்கிய பல்லில் போட்டுத் தேய்க்கிறவங்களை நான் பள்ளிவாசல் ஹவுளடியில் அடிக்கடி பார்க்கிறேன். நாரை ஊறவைத்து, முரசிலிருந்து பல்லின் நுனிப்பக்கம் மெல்லத் துலக்கினாலே ஸுன்னாவும் நிறைவேறும், வேரும் தப்பும்.