மூளை நொதியும் எதிர்ப்பொருளும்: டைரோசின் ஹைட்ராக்சிலேசை இனங்கண்ட வரலாறு

முன்னுரை

ஒரு நரம்பணு எந்த வேதிப்பொருளை உண்டாக்குகிறது என்பதை அதன் வடிவத்தை மட்டும் கொண்டு அறிய இயலாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்த கருவிகளுள் டைரோசின் ஹைட்ராக்சிலேசு என்னும் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் முதன்மையானது. அதன் வரலாற்றையும் அது தரும் சான்றின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒளிர்விலிருந்து நொதிக்கு

1960ஆம் ஆண்டு வியன்னாவில் எரிங்கர், ஓர்னிக்கீவிச் ஆகியோர் பார்கின்சன் நோயாளர் மூளையில் டோப்பமைன் குறைந்திருப்பதைக் கண்டனர். அந்த டோப்பமைன் எவ்வணுக்களில் உருவாகிறது என்பதே அடுத்த வினாவாயிற்று. 1962இல் சுவீடனில் பால்க், இல்லார்ப் ஆகியோர் வகுத்த முறையில், பார்மால்டிகைடு ஆவி பட்ட திசுவில் டோப்பமைனும் நோரட்ரினலினும் பச்சையாக ஒளிர்ந்தன. அம்முறையைக் கொண்டு டால்சுட்ரோமும் பூக்சும் 1964இல் இவ்வகை நரம்பணுத் தொகுதிகளை வரைபடமாக்கினர். எனினும் இவ்விரு பொருள்களின் ஒளிர்வும் ஒத்திருந்ததால் அவற்றைப் பிரித்தறிதல் அரிதாயிற்று.

அதே 1964இல் நகாட்சு, லெவிட், உடென்பிரண்டு ஆகியோர் டைரோசினை டோப்பாவாக மாற்றும் நொதியை அறிவித்தனர். டோப்பமைன் ஆக்கத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இந்நொதியே. இதனைத் தூய்மைப்படுத்தி விலங்கின் உடலில் செலுத்தினால், அவ்விலங்கின் குருதியில் இதற்குரிய எதிர்ப்பொருள் உருவாகும். 1975இல் பிக்கல், ஜோ, ரைசு ஆகியோர் அத்தகைய எதிர்ப்பொருளைக் கொண்டு, நொதி அமைந்த இடத்தை எதிர்மின்னணு நுண்ணோக்கியில் காட்டினர். அதே ஆண்டில் கோலரும் மில்சுட்டைனும் வெளியிட்ட ஒற்றைப்படி எதிர்ப்பொருள் முறை, மாறாத தன்மையுடைய எதிர்ப்பொருளைத் தொடர்ந்து பெற வழிவகுத்தது.

சான்றின் எல்லை

இந்நொதி நோரட்ரினலின் அணுக்களிலும் உள்ளது. ஆகவே, நிறமேற்ற அணுக்கள் யாவும் டோப்பமைன் அணுக்கள் எனக் கொள்ளுதல் பிழையாகும். டோப்பமைனை நோரட்ரினலினாக மாற்றும் டோப்பமைன் பீட்டா ஹைட்ராக்சிலேசுக்குரிய எதிர்ப்பொருளையும் உடன் பயன்படுத்தியே இரண்டையும் வேறுபடுத்த இயலும். மறுபுறம், நரம்பிழை அறுபட்ட அணு உயிருடன் இருந்தும் இந்நொதியின் அளவைக் குறைத்துக்கொள்வதுண்டு. அந்நிலையில் நிறமின்மையை அணுவின் இறப்பாகக் கணக்கிட்டால், நோயின் தீவிரமும் மருந்தின் பயனும் தவறாக மதிப்பிடப்படும். இதனாலேயே, நொதியைச் சாராத நிசில் சாயமேற்றம் போன்ற முறைகளாலும் அணுக்களை எண்ணிச் சரிபார்க்கின்றனர்.

முடிவுரை

எதிர்ப்பொருள் காட்டுவது நொதியின் இருப்பையே அன்றி, அணுவின் வாழ்வையோ இறப்பையோ அன்று. இவ்வேறுபாட்டைப் பேணுவதே அக்கருவி தரும் சான்றுக்கு வலுவூட்டும்.