மாட்டின் கட்டும் படப்பெட்டியின் கண்ணும்

அஸ்தினாபுரத்தை அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தை, முற்காலத்தில் மாட்டுச் சந்தையாகப் பெயர் பெற்றிருந்தது. மாடு வாங்குபவர் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார். அதன்பிறகே தரகரின் துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசும். இன்றோ கைப்பேசியில் வந்த ஒரே படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவோரும் உளர். படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

இக்கேள்வி புகைப்படத்தைவிடப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தில் பொலிகாளை வளர்த்த செல்வர்கள் தம் கால்நடைகளை ஓவியமாகத் தீட்டச் செய்தனர். பெருத்த உடலும் சிறுத்த தலையும் குச்சிக் கால்களுமாக அவை காட்சியளித்தன. ஆடுகளுக்கு இல்லாத கொழுப்பைச் சேர்த்து வரையும்படி தம்மைக் கேட்டதாகவும், தாம் மறுத்துவிட்டதாகவும் மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூவிக் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஓவியத்தைக் கண்டு காளையின் மதிப்பு உயர்ந்ததால், பொய்யிலும் லாபம் இருந்தது.

1839-இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, இனிப் பொய்க்கு இடமில்லை என்று பலர் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் தொடக்ககாலத் தகடுகளுக்கு நீண்ட நேரம் ஒளி தேவைப்பட்டது. வாலை ஆட்டாமல் நிற்க மாட்டுக்கு யார் சொல்வது! 1871-இல் மேடாக்ஸ் உலர்தகட்டு முறையை வெளியிட்ட பின்னர்தான் இத்தொல்லை படிப்படியாகக் குறைந்தது.

இன்னொரு சிக்கல் நிறம். பழைய தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்குக் கறுப்பு. நம் காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அத்தகட்டில் எடுத்தால் செங்கன்று காரிக்கன்றாகத் தோன்றும். 1873-இல் ஜெர்மானியரான வோகல், தகட்டில் சாயம் சேர்த்து அதன் உணர்திறனை விரிக்கலாம் என்று கண்டார். அவ்வழியே பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் வந்தன.

ஆயினும் மிகப் பெரிய ஏமாற்று, தகட்டில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. காளை சற்றுச் சாய்வாக நிற்கிறது. அதன் தோள் நமக்கு அரை மீட்டர் அருகே, பின்பகுதி அரை மீட்டர் அப்பால் என்று கொள்வோம். நடுவுடலிலிருந்து 3 மீட்டரில் நின்று படமெடுத்தால் தோள் 2.5 மீட்டரிலும் பின்பகுதி 3.5 மீட்டரிலும் அமையும். எனவே தோள், பின்பகுதியைவிட ஒப்பளவில் 40 விழுக்காடு பெரிதாகப் பதியும்! 10 மீட்டருக்கு விலகினால் இவ்வேறுபாடு சுமார் 10 விழுக்காடாகக் குறையும். காளையை நேர்ப்பக்கமாக நிறுத்தினால் இதுவும் பெரும்பாலும் மறையும். படப்பெட்டியின் உயரமும் முக்கியம். தரையோடு வைத்தால் கால் நீண்டும், தலைக்கு மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகவும் தெரியும். உடலின் நடு உயரத்தில் பிடிப்பதே நேர்மையானது. கறவையாயின் மடி மறையாதபடி, நம் பக்கத்துப் பின்னங்காலைச் சற்றுப் பின்தள்ளி நிறுத்துவது வழக்கம்.

இவ்வளவு அக்கறை எதற்கு? இனங்களைப் பிரித்தறிய உருவமே அடிப்படையாக இருந்ததுதான் காரணம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஜோஷியும் பிலிப்ஸும் எழுதி 1953-இல் வெளிவந்த நூல், இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்களை நெற்றி, கொம்பு ஆகியவற்றின் அமைப்பையும் கருத்திற்கொண்டு தொகுத்தது. பாளையக்கோட்டைப் பட்டக்காரரின் மந்தையால் புகழ்பெற்ற காங்கேயம் அதில் மைசூர் வகையுடன் சேர்கிறது. அத்தகைய நூலில் கோணலான ஒரு படம் ஓர் இனத்தையே கோணலாக்கிவிடும்.

பல்லும் பாலும் நடையும் எந்தப் படத்திலும் அகப்படுவதில்லை. எடையைக் கணிக்கவும் நாடாவே மேல். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின் எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ எடை, பவுண்டில். சுற்றளவு 60, நீளம் 50 எனில் 600 பவுண்டு. அதாவது சுமார் 272 கிலோ. முன்பணம் அனுப்பும் முன், மாடு இருக்கும் ஊரில் தெரிந்தவர் ஒருவரை நாடாவோடு அனுப்பி இவ்விரண்டையும் கேட்டுப் பெறலாம்.