மெட்டு வழிகளும் திருக்குணகிரியும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை மிக நெருங்கி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அப்பால் பொழிந்து தீர்ந்துவிடுவதால், கிழக்குச் சரிவு ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து, பாறையும் உயர்ந்த புல்லும் முட்புதருமாகக் கிடக்கும். உச்சியைக் கடந்தால் ஏலத்தோட்டங்களின் ஈரநிழல். அடிவாரத்திலோ கண்கூசும் வெயில். இவ்விரண்டு உலகங்களையும் இணைக்கும் கணவாய்களை இவ்வட்டார மக்கள் 'மெட்டு' என்பர். போடிமெட்டு, தேவாரத்திலிருந்து ஏறும் சாக்கலூத்து மெட்டு, கம்பம்மெட்டு ஆகியன இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றன.

இவ்வழிகள் ஏலத்தோட்டங்களுக்கும் மிக முற்பட்டவை. போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலில் பாண்டியரின் மீன் குறி காணப்படுகிறது. வைகையின் மேற்பள்ளத்தாக்கில், புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் வெளிப்பட்டன. மதுரைக்கும் சேரநாட்டுக் கடற்கரைக்கும் இடையே மிளகும் ஏலமும் பொன்னும் கைமாறிய நெடுவழியில் அமைந்த நிலம் இது.

அந்நெடுவழியில், போடிக்குத் தெற்கே உள்ள உத்தமபாளையத்தில் திருக்குணகிரி இருக்கிறது. ஊர்மக்கள் கருப்பணசாமி பாறை என்று சொல்லும் அக்குன்றின் முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதர் தலைமேல் பாம்புப் படம் விரிந்திருக்கிறது. உருவங்களின் அருகே வட்டெழுத்தில் அச்சணந்தி, அரிட்டநேமி ஆகியோர் பெயர்கள் உள்ளன. ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை எனப் பாண்டிநாட்டுக் குன்றுகள் பலவற்றில் பெயர் பொறித்த அதே அச்சணந்தி, கம்பம் பள்ளத்தாக்கின் உள்வரையிலும் அறம் பரப்பியிருக்கிறார். ஐவர்மலையிலோ, கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதரையும் இயக்கியரையும் புதுப்பித்த செய்தி கல்லில் உள்ளது. பழனிமலைத் தொடரின் வடபுறம் ஐவர்மலை, தென்புறம் திருக்குணகிரி.

துறவியர் உலகை வெறுத்துக் காட்டில் ஒளிந்திருந்தனர் என்று சிலர் எழுதுவதுண்டு. இக்குன்றுகள் அதற்கு இடந்தரவில்லை. பிச்சை ஏற்றே உண்ணவேண்டிய முனிவர்க்குச் சாவகர் வாழும் ஊர் அருகிருத்தல் வேண்டும். சாவகரோ பெரும்பாலும் வணிகர். ஆகவே பள்ளிகள் ஊரையும் பெருவழியையும் நோக்கியபடியே அமைந்தன.

நடத்தலையே ஒரு நோன்பாகக் கொண்டவர்கள் அம்முனிவர்கள். ஐந்து சமிதிகளில் முதலாவது ஈரியா சமிதி. பகலொளியில் மட்டும், பிறர் நடந்து பழகிய தடத்தில், முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்தபடி செல்லவேண்டும் என்பது அதன் விதி. மழைக்காலத்திலோ, முளைக்கும் பயிரும் ஊரும் உயிரும் மிதிபடாதிருக்க, நான்கு திங்கள் ஓரிடத்திலேயே தங்குவர். எப்போது நடக்கலாகாது என்பதும் அவர்தம் வழிநடை அறிவில் அடங்கியிருந்தது.

பிற்காலத்தில் இச்சரிவில் நடந்தோர் கூலிமக்கள். மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவழியாகக் கொட்டக்குடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடியை அடைந்தது. 1902இல் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் குறுகிய ரயில்பாதையாக மாறிய குண்டளைப் பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். தோட்டங்கள் பெருகிய பிறகும் பல்லாண்டுகள் ஆட்கள் கால்நடையாகவே மெட்டு ஏறினர்.

இன்று மலையேற்றம் பொழுதுபோக்காகிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால் 2018 மார்ச் 11ஆம் நாளை இவ்வட்டாரம் மறக்கவியலாது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த இரு குழுவினர், 7000 அடிக்கு மேல் உயர்ந்த கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினர். பங்குனி நெருங்கும் காலத்தில் அப்புல் சருகாகியிருக்கும். தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடாகாது. குரங்கணி மக்களே முதலில் ஓடிச்சென்று தூக்கிவந்தனர்; பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனைகளில் இறந்தோரையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. பெரும்பாலோர் இளைஞர். அதன்பின் அரசு விசாரணை நடத்தி மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. தீக்காலத்தில் தடையும் வந்தது. கோடையில் இச்சரிவு என்னவாகும் என்பதை மெட்டு ஏறிய கூலிமக்களைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூனில் மீண்டும் போடியை அடைந்தது. சென்னையிலிருந்து வாரம் மும்முறை வரும் வண்டி காட்பாடி வழியாக வருவதால், ஆரணி, போளூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இப்பயணம் எளிதாகியுள்ளது. திருக்குணகிரியைக் காண மலையேறவும் வேண்டியதில்லை. பாறை ஊரை ஒட்டியே இருக்கிறது. மகாவீரர் ஜெயந்தியை ஒட்டி வருவோர் வெயில் ஏறுமுன் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.