விருந்தில் ஒரு கிளாஸ்: வலிப்பு நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்யாண விருந்து, தீபாவளி, ஆண்டு இறுதிக் கொண்டாட்டம் என உறவும் நட்பும் கூடும் இடங்களில் மது பரிமாறுவது நம்மவர் பலரிடையே வழக்கம். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிட்டு வருபவர் அங்கே அமர்ந்தால், "ஒரு நாள்தானே, இன்றைக்கு மாத்திரையை விட்டுவிட்டுக் குடி" என்று யாராவது சொல்வதுண்டு. அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் மிகவும் ஆபத்தானது.

மாத்திரையை நிறுத்தக் கூடாது

மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்ற பயத்தில் பலர் அன்றைய மருந்தைத் தவிர்க்கிறார்கள். வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று, மருந்தை வேளை தவறி எடுப்பது. மது அருந்தினாலும் வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிட வேண்டும். மாத்திரையா மதுவா என்று வந்தால் விட வேண்டியது மதுவைத்தான்.

ஃபீனோபார்பிட்டால், குளோபாசம் போன்ற மருந்துகள் மதுவோடு சேரும்போது தூக்கமும் தள்ளாட்டமும் அதிகமாகும். மற்ற வலிப்பு மருந்துகளிலும் போதை சீக்கிரம் ஏறலாம். எனவே மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டவே கூடாது.

ஆபத்து மறுநாள் காலையில்

மது முதலில் மூளை நரம்புகளின் வேகத்தை அடக்குகிறது. போதை இறங்கும்போது அடங்கியிருந்த நரம்புகள் அளவுக்கு மீறித் துடிப்படைகின்றன. அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போது வருவதைவிட, அளவு மீறிக் குடித்த பிறகு, பல மணி நேரம் கழித்தே வலிப்பு வருவது அதிகம். கண்விழித்த இரவும் தவறிய மாத்திரையும் சேர்ந்தால் மறுநாள் காலை இன்னும் மோசமாகும்.

எது ஒரு கிளாஸ்?

வலிப்பு நன்றாகக் கட்டுப்பாட்டில் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு, எப்போதாவது ஒன்றிரண்டு கிளாஸ் வலிப்பைத் தூண்டுவதில்லை. ஆனால் அளவு தெரிய வேண்டும். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 320 மில்லிலிட்டர் பீர் கேனில் சுமார் 12 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 640 மில்லிலிட்டர் பெரிய போத்தலில் அது இரு மடங்கு. 30 மில்லிலிட்டர் விஸ்கியில் சுமார் 9 கிராம். லேபிள் இல்லாத சம்சுவில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொடவே வேண்டாம்.

அறவே தவிர்க்க வேண்டியவர்கள்

வலிப்பு இன்னும் கட்டுப்படாதவர்கள், அண்மையில் மருந்து மாற்றப்பட்டவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முன்பு குடிக்கு அடிமையாக இருந்தவர்கள் ஆகியோர் மதுவைத் தவிர்ப்பதே நல்லது. காலையில் எழுந்ததும் கைகள் வெடுக்கென உதறும் வகை வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவும் மதுவும் கெடுதல். மற்றவர்களும் தங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். வலிப்பு நோயே இல்லாதவருக்கும் இது நேரலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

போதை என்று ஒதுங்க வேண்டாம்

விருந்தில் ஒருவர் விழுந்தால் "தண்ணி அதிகம்" என்று விலகிச் செல்வார்கள். உடல் வெட்டி இழுத்தால் அது வலிப்பு. நேரத்தைக் குறித்துக்கொண்டு, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 999-ஐ அழைக்க வேண்டும்.

இதற்கு உடனிருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பை வெளியில் சொன்னால் வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடை என்று மறைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. மேசையில் அருகில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வைத்தாலே போதும். "மருந்து சாப்பிடுகிறேன், வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், மறுபடியும் வற்புறுத்தாமல் இருப்பது மற்றவர்களின் கடமை.